சைபர்: சுழியா, மறையெழுத்தா?

'கணக்கில் சைபர் வாங்கியிருக்கான்' என்று வீட்டில் சொல்லும் சைபரும், ஒற்றர்கள் கடிதத்தில் வரும் சைபரும் ஒரே சொல்தான். அரபியில் ஸிஃப்ர் என்றால் வெறுமை. நம் சூனியத்தை அரபியர் அப்படித்தான் பெயர்த்துக்கொண்டார்கள். எண்களோடு ஐரோப்பா போன சொல், முதலில் சுழியையும் பிறகு எல்லா இலக்கங்களையும் குறித்தது. அப்புறம், எழுத்துக்கு எழுத்து மாற்றிப்போட்டு மறைக்கும் முறைக்கும் அதுவே பெயரானது. 'சைபர் கிரைம்' வேறு. அதன் வேர் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

எழுத்தை மாற்றி மறைக்கும் அந்த முறையைத் தமிழில் குழூஉக்குறி என்று சிலர் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுதான் குழூஉக்குறி. அங்கே முழுச்சொல்லே மாறுகிறது. சுருக்கெழுத்து என்பதும் பொருந்தாது, அது வேகத்துக்காக வந்தது. எழுத்தையே மாற்றி மறைப்பதற்கு மறையெழுத்து என்பதே சரி. மறை என்றதும் வேதம் நினைவுக்கு வரலாம், பரவாயில்லை, மறைத்தலும் அதே சொல்தான்.

தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் படையில் இருந்தபோது எழுதிய குறிப்பேடுகளைப் பாருங்கள். வலப்பக்கத்தில் தத்துவம், வெளிப்படையாக. இடப்பக்கத்தில் சொந்த வாழ்க்கை, மறையெழுத்தில். சாவி மிக எளிது: ஐ, ஜே இரண்டையும் ஒன்றாக எண்ணி, ரோமன் அகரவரிசையைத் தலைகீழாக்கினால் போதும். ஜெர்மனில் 'நான்' என்பதற்கான ஐ, சி, எச் மூன்றும் ஆர், எக்ஸ், எஸ் ஆகிவிடும். நடுவில் நிற்கும் 'என்' என்ற எழுத்து மட்டும் மாறாது.

இவ்வளவு எளிய பூட்டை யாரும் போடலாம். அதனால் ஒரு நாட்குறிப்பு மறையெழுத்தில் இருப்பதும், அதைப் படிக்க முடிவதும் அது அசல் என்பதற்குச் சான்றாகாது. படிப்பது மறைநீக்கம், அசலா என்று பார்ப்பது மெய்ம்மை ஆய்வு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மெய்ம்மைக்குக் காகிதம், மை, கையெழுத்து எல்லாம் பார்க்க வேண்டும். 1983-இல் ஹிட்லருடையவை என்று வெளிவந்த நாட்குறிப்புகளின் காகிதத்தில், போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெளுப்பூட்டி இருந்தது. புளுகு அதிலேயே வெளிப்பட்டது.

விட்கென்ஸ்டைன் ஏட்டில் இன்னொரு சோதனைக்கும் இடமுண்டு. இடப்பக்கத்தில் இன்று நிறைய வேலை செய்தேன், இன்று வேலை ஓடவில்லை என்று மறைவாக எழுதிவைக்கிறார். அந்த வேலை, தேதியோடு, எதிர்ப்பக்கத்தில் அதே கையெழுத்தில் கிடக்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம்.