நோவில்லாத புண்ணுக்குத்தான் பயப்படோணும்

கதிர்காமத் திருவிழா முடிஞ்ச கையோட எங்கட மருந்து கட்டுற அறைக்கு வாற கால்களைப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறும். உகந்தையில இருந்து குமண காட்டுக்குள்ளால வெறுங்காலோட நடந்திட்டு வந்த ஆக்கள், அதில கனபேருக்கு சீனி வருத்தம் இரிக்கு.

அப்பிடி வந்த ஐயா ஒராள், வெள்ளாமை செய்யிறவரு. "பெருவிரலுக்குக் கீழ கொஞ்சம் ஈரமா இரிக்கு மிஸ்ஸி, நோவு ஒண்டுமில்ல, மனிசி ஏசினதால வந்தன்" எண்டாரு. கழுவிப் பாத்தா உள்ளுக்க அரை விரல் நீளத்துக்கு முள்ளு! எத்தின நாளா இரிக்கெண்டு அவருக்கே தெரியா. மத்தவங்களுக்கு அது குத்தினா ரெண்டு எட்டு வைக்கேலாது, இவரு அதோட காடு கடந்து வந்திரிக்காரு. முருகன்ட அருள் எண்டாரு. அவர்ட நம்பிக்கையில நான் கை வைக்கல்ல, ஆனா நோகாததுக்குக் காரணம் நரம்பு பழுதானது எண்டு சொல்லித்தான் விட்டன். அந்த விரலைக் காப்பாத்த ஏலாமப் போயிட்டு.

சீனி கனகாலம் கூடியே இரிந்தா நரம்பு கெடும், உடம்பில ஆக நீளமான நரம்பு பாதத்துக்குப் போறதுதான், அதனால அங்கதான் முதல்ல விறைக்கும். சிலருக்கு எரியும், எறும்பு ஊர்ற மாதிரி இரிக்கும், சிலருக்கு ஒண்டும் தெரியாமலே மரத்துப் போகும். அதோட ரத்தக்குழாயும் ஒடுங்கினா புண் ஆறத் தேவையான ரத்தம் போகாது, கிருமி எலும்பு வரைக்கும் இறங்கிரும், மறுகா காலை எடுக்கோணும் எண்டு டொக்டர் சொல்லக்குள்ள குடும்பமே எங்களுக்கு முன்னால நிண்டு அழும்.

இரவு படுக்க முன்னம் உள்ளங்காலைப் பாருங்க, குனிய ஏலாட்டி கண்ணாடி வச்சிப் பாருங்க, இல்லாட்டி பிள்ளையள்ட போன் டோர்ச்ச அடிச்சிப் பாக்கச் சொல்லுங்க. வயலுக்குப் போய் வந்தா விரல் இடுக்கை நல்லாத் துடைங்க, சேத்துப்புண் அங்கதான் துவங்கும். கால் ஆணியை பிளேட்டால வெட்டுற வேலை வேணாம், நான் கண்ட கனக்கப் புண் அதாலதான் வந்தது. சுடுதண்ணியில கால் வைக்க முதல் முழங்கையால தொட்டுப் பாருங்க. மத்தியான வெயிலில கோயில் வீதி மணல் சுடுறதும் மரத்த காலுக்குத் தெரியாது, கொப்பளிச்ச பிறகுதான் தெரியும். தீ மிதிக்க நேர்த்தி வச்சவங்க, கால் விறைப்பிருந்தா தயவுசெஞ்சி வேற நேர்த்திக்கு மாத்துங்க.

இந்த முறை நடக்கப் போறவங்க ஒரு மாசத்துக்கு முன்னமே கிளினிக்குக்கு வாங்க. 10 கிராம் அழுத்தம் குடுக்கிற நைலோன் நூல் ஒண்டால பாதத்தில தொட்டுப் பாப்பம், ரெண்டு நிமிச வேலை, அரசாங்க ஆஸ்பத்திரியில காசும் இல்ல. ஒரு இடத்தில தெரியல்ல எண்டாலும் வெறுங்காலோட போக விடமாட்டன், எத்தின தரம் ஏசினாலும் பரவாயில்ல.