பாதாள சாக்கடை இணைப்பு: மனு எழுதும் முன் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்

தெருவில் குழாய் பதித்து மேன்ஹோல் மூடியும் போட்டுவிட்டார்கள், இனி இணைப்பு தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் கழிப்பறையிலிருந்து தெருக் குழாய் வரை உள்ள சில அடிகளுக்கு நீங்கள்தான் மனு கொடுக்க வேண்டும், வைப்புத்தொகை கட்ட வேண்டும். சிறிய நகராட்சிகளில் மக்கள் நடையாய் நடப்பது இந்தச் சில அடிகளுக்காகத்தான்.

2021 அக்டோபரில் தொடங்கிய, மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத் 2.0-இல் குடிநீர் எல்லா நகரங்களுக்கும் உண்டு. கழிவுநீர்ப் பணிகள் 500 நகரங்களுக்குத்தான். அதனால் குடிநீர்க் குழாய் வந்த ஊருக்கெல்லாம் சாக்கடைத் திட்டமும் வரும் என்று நம்ப வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது, சொத்து வரி யார் பெயரில் இருக்கிறது என்பது. எங்கள் தெருவில் ஒரு அம்மா. வீட்டு வரி இறந்துபோன கணவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வரி ரசீது கொண்டு வா என்றார்கள், கொண்டுபோனார். அப்புறம் பெயர் மாற்றம் கேட்டார்கள். அதற்கு வாரிசுச் சான்று வேண்டும் என்று தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார்கள். மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். அவர் மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய மனுவின் மூலையில் பென்சிலில் 'பெ.மா.' என்று மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. நாளைக்கு அழித்துவிட்டால் அவர் வந்துபோனதற்கே சாட்சி கிடையாது.

ஆகவே பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வரி நிலுவை ஒரு அரையாண்டு இருந்தாலும் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். நிலுவையைக் காட்டி மனுவை ஓரம்கட்டுவது மிகச் சுலபம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளர் பெயரில்தான் மனு கொடுக்க வேண்டியிருக்கும்.

மனுவை இணையத்தில் போட்டால் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். வருவாய்ப் பிரிவு பொறியியல் பிரிவைக் கைகாட்டும், பொறியியல் பிரிவு "ஃபிட்டர் வந்து பார்க்கணும்" என்று சொல்லும். அப்போது உங்கள் கையில் இருப்பது அந்த ஒப்புகை மட்டும்தான். வைப்புத்தொகை, சாலை வெட்டுக் கட்டணம் எதுவானாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "அவசரம்னா தனியா ஏற்பாடு பண்றேன்" என்று பிளம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கணக்கில் ஏறாத இணைப்பை எந்த நாளிலும் துண்டிக்கலாம்.

பதிலே வரவில்லையா? தமிழ்நாட்டில் முதல்வர் உதவி மைய எண்ணான 1100-இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். "என் மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது, இன்று யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இணைப்பு கிடைத்ததும் மொட்டைமாடி மழைநீரை அதில் விட்டுவிடாதீர்கள். அந்தக் குழாய் மழைக்கு அமைத்ததல்ல. ஐப்பசி மழையில் நிரம்பி, பள்ளத்தில் இருக்கும் வீட்டின் கழிப்பறை வழியாகக் கழிவு மேலே வரும். பழைய செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுத்து மூடச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும்.