சோதித்த மாடுதானே என்று வெறுங்கையை நீட்டாதீர்கள்

ஓர் ஆராய்ச்சிப் பால்பண்ணையில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் நான், மாட்டிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் பிடித்த மூன்றாவது பண்ணைத் தொழிலாளியைச் சென்ற மாதம் பார்த்தேன். மாலையானால் காய்ச்சல், விடியும் முன் படுக்கை நனையும் அளவுக்கு வியர்வை, இடுப்பிலும் முழங்காலிலும் விடாத வலி என்று இரண்டு மாதங்களாக அவதிப்பட்டிருக்கிறார். டைபாய்டு என்று ஒருமுறையும் மூட்டுவாதம் என்று மறுமுறையும் மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, “நம்ம மாடெல்லாம் டெஸ்ட் பண்ணின மாடுதானே டாக்டர், அந்த நெனப்பே வரல” என்றார். முதல் இருவர் சொன்னதும் இதேதான். மூன்றாவது முறையும் அதே பதிலைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆராய்ச்சிப் பண்ணை என்றால் மாட்டுக்கு மாடு காதுவில்லை இருக்கும், பதிவேடு இருக்கும், குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனையும் நடக்கும். இவற்றைப் பார்த்துப் பழகிய தொழிலாளிக்கு, ‘நெகட்டிவ்’ என்று எழுதப்பட்ட மாட்டிடம் பயப்பட ஒன்றுமில்லை என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. அந்த எண்ணம் தவறு. இந்நோய்க்காகச் செய்யும் ரோஸ் பெங்கால் என்ற ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக மாட்டின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. தொற்று நுழைந்து எதிர்ப்பொருள் போதிய அளவுக்குப் பெருகச் சில வாரங்களாகும். அந்த இடைவெளியில் எடுத்த ரத்தம் நோயில்லை என்றுதான் சொல்லும். இதைவிட முக்கியமானது கிடேரிகளின் நிலை. நோயுற்ற தாய்க்குப் பிறந்த கிடேரிகளில் சில, கிருமியை உடலில் வைத்துக்கொண்டே, எத்தனை முறை சோதித்தாலும் நெகட்டிவாகவே வளர்ந்து, முதல் ஈற்றின்போதோ அதற்குப் பிறகோதான் வெளிப்படும். ஆக, சோதனை முடிவு என்பது ரத்தம் எடுத்த அன்றைக்கு அந்த ஒரு நோயைப் பற்றிக் கிடைத்த செய்தி மட்டுமே. மந்தையைக் காப்பதற்காகச் செய்யும் அந்தச் சோதனையை உங்கள் கைக்குப் போட்ட உறையாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் தொழிலாளிக்கு நேர்ந்ததும் அப்படித்தான். முதல் ஈற்றுக் கிடேரி ஒன்று, ஏழாம் மாதச் சினையில், இரவு இரண்டு மணிக்குக் கன்றை வீசியது, அதாவது கரு கலைந்து இறந்த கன்றைப் போட்டது. பதிவேட்டில் அது நெகட்டிவ். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறந்த கன்றை இழுத்தவர் இவர். தொங்கிக்கொண்டிருந்த நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்து, எடை போட வேண்டும் என்று ஆய்வுக் குறிப்பில் எழுதியிருந்ததால், அதை இரு கைகளாலும் அள்ளி வாளியில் வைத்தவரும் இவர்தான். கறவை இயந்திரத்தின் குழாய்களை நாள்தோறும் காரமும் அமிலமும் கலந்த நீரில் கழுவிக் கழுவி, அவருடைய விரல்களின் நகக்கண்கள் எல்லாம் வெடித்துச் சிவந்திருந்தன. கிருமி நுழைய அந்த வெடிப்புகளே போதும். காலையில் மாதிரி எடுக்க வந்த ஆய்வு மாணவர் இரட்டைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வாளியிலிருந்து விரல்நுனி அளவுக்குத் திசுவை வெட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு போனார். மாணவர் செய்தது சரி. ஆனால், அந்த வாளியை நிரப்பியவருக்கு ஒரு ஜோடி கையுறைகூடக் கிடைக்கவில்லை. கையுறைப் பெட்டி ஆய்வகத்து அலமாரியில் பூட்டிக் கிடந்தது, சாவி உறங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் இருந்தது. ஈன்று சில வாரங்கள் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் அந்தக் கிடேரி பாசிட்டிவ் என்று தெரிந்தது.

கன்று வீசினால்தான் ஆபத்து என்பதும் சரியல்ல. நோயுற்ற பசு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வீசும். அடுத்த ஈற்றில் நல்ல கன்றைப் போட்டுவிட்டு, பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும் பாலிலும் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே எந்த ஈற்றாக இருந்தாலும், தோள்வரை வரும் நீளக் கையுறை, அதன்மேல் சாதாரணக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், ரப்பர் காலணி, நீர்புகாத மேலங்கி ஆகிய அனைத்தும் வேண்டும். நஞ்சுக்கொடி தங்கிவிட்டால் கையை விட்டு இழுக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். கையால் பிய்த்தெடுப்பது கருப்பைக்கும் கேடு என்பதால் நாங்களே அதை இப்போது தவிர்க்கிறோம். விழுந்த நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப் போகவிடாமல் சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதையுங்கள். சாணம் கிடக்கும் தரையில் கிருமிநாசினியை ஊற்றுவதால் பயனில்லை. முதலில் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். கருவுற்ற பெண்களை இந்த வேலைக்கு அழைக்கவே கூடாது.

தடுப்பூசி நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் எஸ்19 தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி. கன்றைப் பிடிப்பவர் தொழிலாளி, துள்ளும் கன்றால் ஊசி குத்துவதும் பெரும்பாலும் அவருக்குத்தான். “தடுப்பூசிதானே, நமக்கும் நல்லது” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே விரலைத் துடைத்தவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். குத்திய இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு உடனே கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். பிறகு மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். குப்பி ஏன் வேண்டும் என்றால், சில பண்ணைகளில் பயன்படும் ஆர்பி51 என்ற மற்றொரு தடுப்பூசிக் கிருமியை, இந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து கொல்லாது. வழக்கமான ரத்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. எந்தக் கிருமி உள்ளே போயிற்று என்பது தெரியாத மருத்துவர் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டு, சோதனையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவைக்க நேரிடும்.

சூடான பச்சைப்பாலைக் கறந்த இடத்திலேயே குடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 63 பாகை செல்சியஸில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 விநாடியோ சூடாக்கினால் இறந்துவிடும் கிருமி இது. வீட்டில் பொங்கக் காய்ச்சினால் போதும். ஆராய்ச்சிப் பண்ணையில் இன்னொரு காரணமும் உண்டு. சோதனை மருந்து கொடுத்த மாட்டின் பால், குடிப்பதற்கான பால் அல்ல. எந்த மாட்டுக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று உங்களிடம் சொல்லாமல் ஆய்வைத் தொடங்கியிருந்தால், கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது அவர்கள் கடமை.

காய்ச்சல் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொடங்கும், சில மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் அந்த ஈற்றையும் இந்தக் காய்ச்சலையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. மாட்டிலும் மனிதரிலும் நோய் உண்டாக்கும் இக்கிருமிகள் நெருங்கிய உறவுடையவை என்று 1918இல் எழுதிய அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஆலிஸ் எவன்ஸ், 1922இல் தாமே இந்நோய்க்கு ஆளாகி ஆண்டுக்கணக்கில் துன்பப்பட்டார். உடலில் நோயே இல்லை, நரம்புத் தளர்ச்சிதான் என்று அவரிடமே சொன்னார்கள். ஆராய்ச்சியாளருக்கே அந்த நிலை என்றால், தொழிலாளி தன் வாயால் சொன்னால்தான் உண்டு. “மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறேன், ஈற்றுப் பார்க்கிறேன்” என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பும்போது புருசெல்லோசிஸ் சந்தேகத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆய்வகப் பணியாளருக்கும் எளிதில் தொற்றும் கிருமி இது. விரை வீக்கம் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அதுவும் இந்நோயின் அடையாளமே.

சிகிச்சை ஆறு வாரம், பெரும்பாலும் இரண்டு மருந்துகள் சேர்த்து. பத்து நாளில் காய்ச்சல் விட்டதும் நம் தொழிலாளி மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும் என்று மன்றாடித்தான் அவரைத் தொடர வைத்தேன். இப்போது நான்காவது வாரம். முழங்கால் வலி இன்னும் முழுதாக விடவில்லை, குந்தி உட்கார்ந்து எழச் சிரமப்படுகிறார். கையுறைப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, கன்று ஈனும் கொட்டகையின் வாசல் தூணில், இருட்டிலும் கை எட்டும் உயரத்தில் பூட்டில்லாமல் மாட்டியிருக்கிறேன். உங்கள் பண்ணையில் அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் அடுத்த ஈற்றுக்கு முன் திறக்கச் சொல்லுங்கள்.