அறுபது மீட்டர் ஏற்றமும் ஒரு கோல்ஃப் வண்டியும்

"ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் தம்பி?"

அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்து, வேலைக்காக ஜோஹானஸ்பர்க் வந்து, லெனேசியாவில் வீடு கட்டி, இப்போது ஓய்வில் இருப்பவர். கோயிலில் பழக்கம். நான் மதுரைப் பக்கத்து ஆள்; பதினான்கு வருடமாக இங்கே தொழிற்சாலைகளில் மோட்டார் பராமரிப்பு பார்க்கிறேன். அதனால் சுற்றுகிற எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார். போன வருடம் நீச்சல்குளத்துப் பம்பு, இந்த முறை கோல்ஃப் வண்டி.

வண்டி கோல்ஃப் ஆட அல்ல. வால் அணைக் கரையில் தம்பிமார்களோடு கூட்டாக ஒரு சின்ன வீடு வாங்கியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் இயற்கை ஏரிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஏரிக்கரை வீடு என்றால் பெரும்பாலும் அணைக்கரை வீடு. 1938-ல் கட்டி முடித்த இந்த அணைதான் ஜோஹானஸ்பர்க்குக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பெயரைக் கேட்டு நம்மவர்கள் சிரிப்பார்கள். ஆஃப்ரிகான்ஸில் அதற்கு 'மங்கலான சாம்பல் நிறம்' என்று பொருள். கலங்கிய ஆற்று நீரைப் பார்த்து வைத்த பெயர்.

வீடு மேட்டில், படகுத்துறை பள்ளத்தில். அண்ணனின் மாமியாருக்கு முழங்கால் வலி. இறங்கிவிடுவார், ஏற முடியாது. குளிர்பெட்டி, பிராய் (இங்கத்து திறந்தவெளி இறைச்சிச் சுடல்) போட விறகு, மீன்பிடித் தூண்டில் என்று சாமான் வேறு. இவ்வளவுதான் வண்டிக்கு வேலை.

சரி, எவ்வளவு செங்குத்து? கேட்டால் "கொஞ்சம் ஏற்றம்" என்பார்கள். யாருக்கும் தன் வீட்டு ஏற்றம் தெரிவதில்லை. இரண்டு மீட்டர் பலகையைச் சரிவில் வைத்து, கீழ்முனையைத் தூக்கி, ரசமட்டம் நேராகக் காட்டும்போது அந்த முனைக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று டேப்பால் அளந்தேன். 35 சென்டிமீட்டர். அதாவது ஏறக்குறைய 10 பாகை. மொத்தப் பாதை 150 மீட்டர்; நடுவில் 60 மீட்டர் இந்தச் சரிவு, மீதி ஓரளவு சமதளம், எல்லாம் புல்தரை.

இனிக் கணக்கு எளிது. பேட்டரியோடு வண்டி 430 கிலோ, நாலு பேர் 280, சாமான் 40 என்று 750 கிலோ வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையில், சமதளத்தில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இதை ஓட்ட ஏறக்குறைய 600 வாட் போதும். ஒரு மிக்ஸி எடுப்பதைவிடக் குறைவு! அதே வண்டியை அந்தப் புல் ஏற்றத்தில் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றப் பாருங்கள்: எடையைச் சரிவில் இழுக்க 1,280 நியூட்டன், புல்லில் சக்கரம் உருள இன்னும் 370 நியூட்டன், ஆக 5.5 கிலோவாட். ஒன்பது மடங்கு.

இத்தனை திறன் தேவைப்படுவது எவ்வளவு நேரம்? 60 மீட்டரைக் கடக்க வெறும் 18 வினாடி. அதனால் ஆற்றல் செலவு அற்பம். கீழே போய் மேலே வர, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, 65 வாட்-மணி. ஒரு நாளைக்கு இருபது தடவை போய்வந்தாலும் 1.3 யூனிட்தான். ஆறு 8 வோல்ட் ஈய பேட்டரிகள் போட்ட சாதாரண வண்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவு 8 யூனிட். அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே மூன்று நாள் தாங்கும்.

ஆக அண்ணனுடைய கேள்விக்கு இந்த வீட்டில் வேலையே இல்லை. அந்தப் பதினெட்டு வினாடி மின்னோட்டத்தை மோட்டாரும் கம்பியும் தாங்குமா, இறங்கும்போது வண்டி நிற்குமா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவதை வோல்ட் தீர்மானிக்கிறது. பழைய வண்டிகள் 36 வோல்ட், இப்போதையவை பெரும்பாலும் 48. அதே ஏற்றத்துக்கு 48 வோல்ட் வண்டி சுமார் 143 ஆம்பியர் இழுக்கும். 36 வோல்ட் வண்டி 190. கம்பி சூடாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே தடிமன் கம்பியில் சூடு 78 சதவீதம் கூடுதல். பழைய 36 வோல்ட் வண்டிகளில் டெர்மினல் உருகிக் கறுத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதுதான் பலரும் யோசிக்காதது.

இருக்கையைத் தூக்கினால் பேட்டரி தெரியும். பின் அச்சுப் பக்கம் குனிந்தால் மோட்டார். அதற்குப் போகும் கம்பிகளை எண்ணுங்கள். நாலும் தடித்த கம்பி என்றால் அது சீரிஸ் மோட்டார். இரண்டு தடிமன், இரண்டு மெல்லியது என்றால் ஃபீல்டு சுருளுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் வகை. மூன்றே மூன்று தடித்த கம்பி என்றால் ஏசி மோட்டார். விற்பவர் என்ன சொன்னாலும் சரி, கம்பி பொய் சொல்லாது.

சீரிஸ் மோட்டாரில் சுழலும் ஆர்மேச்சருக்கும், காந்தப்புலம் தரும் ஃபீல்டு சுருளுக்கும் ஒரே மின்னோட்டம் வரிசையாகப் போகிறது. மின்னோட்டம் இரட்டித்தால் காந்தமும் இரட்டிக்கும், ஆர்மேச்சரின் இழுப்பும் இரட்டிக்கும். முறுக்குவிசை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். ஏற்றத்தில் மாடு மாதிரி இழுக்கும். ஆனால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லையேல் காந்தம் இல்லை. காந்தம் இல்லையேல் மோட்டார் வெறும் இரும்பு உருளை. வண்டி தன்பாட்டுக்கு வேகமெடுக்கும். முழுப் பொறுப்பும் பிரேக்கின் தலையில்.

அந்த பிரேக்கோ, பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். சரிவில் இறங்கும்போது எடை முன்பக்கம் சாயும். பின் சக்கரம் லேசாகும். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைகிறதோ அதில்தான் பிரேக் இருக்கிறது! காலைப் பனியில் நனைந்த புல், கீழே தண்ணீர். கோல்ஃப் மைதானத்தின் மெல்லிய மேடுபள்ளங்களுக்கு வடிவமைத்த வண்டி அது. அதன்மேல் குற்றமில்லை, நாம்தான் வேறு இடத்துக்குக் கொண்டுவருகிறோம்.

மற்ற இரண்டு வகை மோட்டாரும் இங்கே கைகொடுக்கும். காந்தப்புலத்தை கன்ட்ரோலர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி) தன் கையில் வைத்திருப்பதால், இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்றத் தொடங்கியதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி எதிர்த்து இழுக்கும். ஏசி மோட்டாரில் உள்ளே சுழலும் காந்தப்புலத்தைவிட ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பாகம், வேகமாக ஓடப் பார்க்கும். காந்தப்புலம் பின்னுக்குப் பிடிக்கும். பிரேக்கைத் தொடாமலே வண்டி நடைவேகத்தில் இறங்கும்.

"அப்போ இறங்கும்போது தானே சார்ஜ் ஆகிடுமே" என்று அண்ணனின் மருமகன் குதித்தார். கடைக்காரரும் அப்படித்தான் சொன்னாராம். ஒரு இறக்கத்தில் திரும்பக் கிடைப்பது ஏழெட்டு வாட்-மணி, ஒரு செல்போனைப் பாதி சார்ஜ் போடலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வீடு மேலே, தண்ணீர் கீழே என்பதால் முழு சார்ஜில் கிளம்பும் முதல் பயணமே இறக்கம். நிரம்பிய பேட்டரிக்குள் திரும்பி வரும் மின்சாரத்தைத் தள்ள முடியாது. அதனால் சில வண்டிகளில் கன்ட்ரோலர் மோட்டாரின் இந்தத் தடுப்பைக் குறைத்துவிடும். மேட்டு வீட்டுக்காரர்கள் 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துவது நல்லது. நாலு சக்கரத்துக்கும் பிரேக் உள்ள வண்டியாகப் பார்ப்பது இன்னும் நல்லது.

அப்புறம் பேட்டரி. அணைக்குப் போகும் வழியில் ஒரு பழைய வண்டிக் கடை. "பேட்டரி எல்லாம் புதுசு" என்றார்கள். என் பையில் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் எப்போதும் இருக்கும். ஆறு பேட்டரி, ஒவ்வொன்றிலும் நாலு மூடி, மொத்தம் 24 அறை. ஒவ்வொரு மூடியாகத் திறந்து, அமிலத்தை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தேன். முழு சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.265-க்கு மேல் நிற்க வேண்டும். இருபத்து மூன்று அறைகள் சரி. நாலாவது பேட்டரியின் மூன்றாவது அறையில் மிதவை 1.17-ல் அமிழ்ந்து கிடந்தது.

அண்ணனை உட்காரவைத்து, கடைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஏற்றச் சொல்லி, அந்த பேட்டரியில் மீட்டரை மாட்டிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். மற்றவை 7.9 வோல்ட்டில் நிற்க, இது 6.8-க்குச் சரிந்தது. தொடராக இணைத்த பேட்டரிகளில் ஒரே மின்னோட்டம்தான் எல்லா அறையிலும் ஓடியாக வேண்டும். ஒரு நோஞ்சான் அறை இருந்தால் மொத்த வரிசைக்கும் அதுவே தடை. சமதளத்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

வாரக்கடைசி வீட்டுக்கு ஈய பேட்டரி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சார்ஜ் குறைந்த நிலையில் மூன்று வாரம் கிடந்தால் தட்டுகளில் ஈய சல்பேட் கெட்டியான படிகங்களாக உறைந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்ற வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறுவதால் காற்றோட்டமும் வேண்டும். லிதியம் இரும்பு பாஸ்பேட்டில் இந்த வேலை இல்லை. ஆறு ஈய பேட்டரி 170 கிலோ. அதே வேலைக்கு லிதியம் 50 கிலோ போதும். 750-ல் 120 கிலோ குறைந்தால் ஏற்றத்தின் சுமையும் 16 சதவீதம் குறையும்.

லிதியத்துக்கு இங்கே ஒரு எதிரி உண்டு: ஜூலை. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,480 மீட்டர் உயரம் இது. குளிர்கால இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். சார்ஜ் ஏறும்போது லிதியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். உறைகுளிரில் அவை உள்ளே நுழைவது மந்தமாகிவிடும். பின்னால் வருபவை வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தப் படிவு திரும்பாத இழப்பு. வளர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால் நல்ல பேட்டரியின் காவல் சர்க்யூட் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜை மறுத்துவிடும். ஓட்டுவதற்குத் தடையில்லை. தீர்வு ரொம்பச் சாதாரணம்: சார்ஜருக்கு ஒரு டைமர், காலை பதினொன்றுக்கு மேல். குளிர்காலத்திலும் நண்பகலில் இங்கே வெயில் நன்றாகவே அடிக்கும்.

மருமகனுக்கு இன்னொரு யோசனை. 2023-ல் வருடத்தின் பெரும்பாலான நாட்கள் மின்வெட்டு இருந்ததால், இங்கே பல வீடுகளின் சுவரில் இன்வர்ட்டர் லிதியம் பேட்டரி தொங்குகிறது. 48 வோல்ட் வண்டிக்குப் போடும் லிதியம் போலவே அதுவும் 16 செல், அதுவும் 51.2 வோல்ட். "அதையே கழற்றி வண்டியில் போட்டால் என்ன?" போடலாம், சமதளத்தில் ஓடும். ஆனால் அத்தகைய 100 ஆம்பியர்-மணி பேட்டரி தொடர்ந்து தருவது பொதுவாக 50 முதல் 100 ஆம்பியர். எடை குறைந்த பிறகும் நம் ஏற்றம் கேட்பது 110-க்கு மேல். பாதி ஏற்றத்தில் காவல் சர்க்யூட் பட்டென்று அணைத்துவிடும். மோட்டாரின் தடுப்பும் போய், மாமியாரோடு வண்டி பின்னோக்கி உருள்வதை நினைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இந்த உயரத்தில் காற்று மெலிவு. எஞ்சின் திறனில் ஏறக்குறைய 15 சதவீதம் போய்விடும். சத்தத்தில் மீனும் போய்விடும்.

டயர்: பெரிய டயர் மாட்டி வண்டியை உயர்த்துவது இப்போது நாகரிகம். 18 அங்குலத்திலிருந்து 22 அங்குலத்துக்குப் போனால் அதே மோட்டாரின் இழுவிசை 18 சதவீதம் குறையும், கவிழும் வாய்ப்பு கூடும். அதைவிட, சேற்றுக்கு வரிகள் ஆழமான டயர் போதும். இந்த அணையில் சேறு முக்கியம். 2016 கடைசியில் வறட்சியில் நீர் கால்பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது, அடுத்த சில மாதங்களில் மதகு திறக்கும் அளவுக்கு நிரம்பியது. நேற்றுவரை கரையாக இருந்தது இன்று சேறு. படகை இழுக்க வண்டியைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு பாக்கி இருக்கிறது. கடன் பாக்கி இல்லை, இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்.

பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கையில் ஏற்றத்தின்போது ஆளை வைக்கக் கூடாது. சரிவே அவரை வெளியே தள்ளும், போதாததற்கு முன் சக்கரமும் லேசாகும்.

நவம்பரில் அண்ணன் வாங்கியது மூன்று கம்பி மோட்டார், 48 வோல்ட், லிதியம், நாலு சக்கர பிரேக். பழைய வண்டிதான். நினைத்ததைவிடக் காசு கொஞ்சம் கூட. இரண்டு வாரம் என்மேல் கோபமாக இருந்தார்.

இந்த ஜூலையில் போயிருந்தேன். புல்லெல்லாம் வெள்ளைப் பனி. மாமியார் போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்னிருக்கையில் உட்கார்ந்து, மேலே ஏறும் வரை கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. அவரை இறக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் ஓடியது 61 கிலோமீட்டர்.