நீறு பூத்த நெருப்போடு தூங்காதீர்கள்

பனி கொட்ட ஆரம்பித்தால் போதும், குடும்பம் குடும்பமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். ஒரே வீட்டில் 3 பேர், 4 பேர். எல்லாருக்கும் காலையில் எழுந்ததிலிருந்து தலைவலி, குமட்டல், கால் துவளுகிறது. காய்ச்சல் கிடையாது, சளி கிடையாது. "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல போலிருக்கு" என்று அவர்களே முடிவும் சொல்லிவிடுவார்கள். படுத்த அறையில் நெருப்பு இருந்ததா என்று கேட்டால் பதில் மாறுவதே இல்லை: "வெறும் தணல்தான் டாக்டர், புகையே இல்லை."

அந்தப் "புகையே இல்லை"க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நெருப்பின் சுகத்தை நான் குறை சொல்லவில்லை. வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு, விறைத்த விரல்களோடு உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்பு முன்னால் உட்காரும் முதல் 5 நிமிடத்துக்கு ஈடு எதுவும் இல்லை. கெட்டில் முனகும். தள்ளிக் காயப்போட்ட கையுறையிலிருந்து மெல்ல ஆவி கிளம்பும். புதுப்பனி ஓசையை உறிஞ்சிக்கொள்வதால் வெளியே ஒரு சத்தமும் இருக்காது. பனிக்காலக் கிராமத்தில் பாதி நாள் இப்படித்தான் கழியும், கழியட்டும். அந்த நெருப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு உட்காருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விறகு சூடாகும்போது அதிலிருந்து கிளம்பும் ஆவி, தார்த் துளி, கரித்தூள் இவை எரியாமல் தப்பினால் அதுதான் புகை. அதெல்லாம் எரிந்து தீர்ந்தபின் மிஞ்சுவது கரி. கரி எரிந்தால் புகை வராது, கார்பன் மோனாக்சைடு வரும். தணலின் அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே கனன்றுகொண்டிருக்கும் கங்குகளைக் கடந்து வரும்போது கார்பன் மோனாக்சைடாக மாறிவிடுகிறது.

நல்ல தணலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கங்குகளின் மேல் நீல நிறத்தில் குட்டிச் சுடர்கள் எழும்பி எழும்பி அடங்கும். பார்க்க அவ்வளவு அழகு. அங்கே எரிவது அந்த வாயுவேதான். காற்றும் சூடும் போதுமான அளவு இருக்கும்வரை அது அங்கேயே எரிந்துவிடும். தணல் மங்கி நீறு பூக்கும்போதோ, காற்றுவாயை நீங்கள் அடைக்கும்போதோ நீலச்சுடர் அணைகிறது. வாயு மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், இப்போது எரியாமல். "அடங்கிடுச்சு, இனி பயமில்லை" என்று தணல் சட்டியைப் படுக்கையறைக்குத் தூக்கி வருகிறீர்களே, அந்த நேரத்தில்தான் அது மிக மோசமாக இருக்கிறது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. "மூச்சு முட்டினா எழுந்துட மாட்டோமா?" என்று கேட்கிறார்கள். மாட்டீர்கள். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. கார்பன் மோனாக்சைடு ஏறும்போது அந்த உணர்வு வருவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தூக்கம் இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் வாயுவை இழுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு நம்பிக்கை. இழுத்துக்கொள்ளாது. இது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. அந்தத் தண்ணீர் உங்கள் தொண்டை வறளாமல் காக்கும், உயிரைக் காக்காது. தொட்டிச் செடியும் அப்படியே. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்ததையும் நம்பாதீர்கள். புகைபோக்கி இல்லாத கரி நெருப்பு வீட்டுக்குள் வரவே கூடாது.

சந்தேகம் எப்போது வர வேண்டும்? வீட்டில் எல்லாருக்கும், சில சமயம் நாய் பூனைக்கும்கூட, ஒரே நேரத்தில் உடம்பு முடியாமல் போனால். வெளியே போனதும் தெளிந்து, உள்ளே வந்ததும் மறுபடி தலை கனத்தால். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி 99 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. (இளம் மருத்துவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். செர்ரிச் சிவப்புத் தோலுக்காகக் காத்திருக்காதீர்கள், உயிரோடு வருபவர்களிடம் அதைக் காண்பது அரிது. ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின்) அளவைப் பாருங்கள்.)

"வெளியே கொஞ்சம் காத்து வாங்கினேன், சரியாயிடுச்சு" என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய அந்த வாயு பாதியாகக் குறையவே 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். கர்ப்பிணி என்றால் லேசான தலைவலிக்கே வந்துவிடுங்கள், வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தத்திலிருந்து அது இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும். தேறிப் போன சிலருக்குச் சில வாரம் கழித்து மறதியும் தடுமாற்றமும் தலைகாட்டுவது உண்டு.

புகைபோக்கி உள்ள விறகடுப்புக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. விடியும்வரை சூடு நிற்கட்டும் என்று காற்றுவாயையும், புகைபோக்கியைத் திறந்து மூடும் தகட்டையும் இறுக மூடிவிட்டுப் படுக்காதீர்கள். கங்கு ஒன்றுகூட மிஞ்சாத பிறகே தகட்டை மூட வேண்டும். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஈரமானியை விறகின் வெளிப்பக்கத்தில் குத்திப் பயனில்லை. பிளந்து, புதிதாகத் தெரியும் பக்கத்தில் குத்துங்கள். கருவி இல்லையா? இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரக்கட்டை 'தொப்' என்னும். ஈர விறகு எரிந்தால் புகைபோக்கிக்குள் தார் படியும். 3 மில்லிமீட்டர் தடிமன் வந்துவிட்டால் சுத்தம் செய்யாமல் பற்றவைக்க வேண்டாம், அந்தப் படிவே தீப்பிடிக்கும். தார் தெரியாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கியில் காற்று கீழ்நோக்கி இறங்கும். அதனால் முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கி வாய்க்கு அருகில் 1 அல்லது 2 நிமிடம் பிடியுங்கள். பிறகு ஊதுபத்தியைக் காட்டுங்கள், புகை மேலே இழுபட்டால் விறகைப் பற்றவைக்கலாம். அடுப்பு எரியும்போது சமையலறைப் புகை விசிறியைப் போடாதீர்கள், அது புகைபோக்கிக் காற்றை அறைக்குள் இழுத்துவிடும்.

சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, பலகை இல்லாத தரையில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும், வாயுவும் விடும்.

பெரும் பனிக்குப் பிறகு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கூரைப் புகைபோக்கியின் தொப்பியும், ஹீட்டரின் புகைக்குழாய் வாயும் பனியில் புதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். காரைக் கிளப்புமுன் பின்னால் போய்ப் புகைக்குழாயைத் தோண்டி விடுங்கள். ஓடும் காருக்குள் குழந்தைகளைச் சூடாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் வெளியே பனி வாரிக்கொண்டிருப்பது வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டர் ஜன்னலிலிருந்து 6 மீட்டர் தள்ளி, வெளியில்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாடிக்கு மாடி, படுக்கையறைக்குப் பக்கத்தில் வேண்டும். புகை அலாரம் இதற்கு உதவாது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள், பின்பக்கம் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஐரோப்பியத் தரநிலைப்படி 300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு இந்த வாயு) என்றால் 3 நிமிடத்துக்குள் அலறும். 50 பிபிஎம் என்றால் 1 மணி நேரமாவது ஆகும். அதனால் அலாரம் சும்மா இருந்தாலும் தலை வலித்தால் வெளியே வாருங்கள். அலறினால் எல்லாரும் உடனே வெளியே போய் ஆளை எண்ணுங்கள், அப்புறம் உதவிக்கு அழையுங்கள். கோட்டும் போர்வையும் கதவோரம் தொங்கினால் யாரும் அதை எடுக்க உள்ளே ஓட மாட்டார்கள்.

"தணல் இல்லாம இந்தக் குளிர்ல பாட்டி எப்படித் தூங்குவாங்க?" என்று கேட்பீர்கள். ரப்பர் வெந்நீர்ப் பையில் சூடான, ஆனால் கொதிக்காத, தண்ணீரை முக்கால் பங்கு ஊற்றுங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றி மூடியைத் திருகி, துணியுறை போட்டு, படுக்குமுன் அரை மணி நேரம் போர்வைக்குள் வையுங்கள். பாட்டி படுக்கும்போது பையை எடுத்துவிடுங்கள். காய்ந்த கம்பளிக் காலுறை, தலைக்கு ஒரு கம்பளிக் குல்லா. சூடேறிக் கிடக்கும் படுக்கைக்குள் கால் நுழைக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.