செம்மறியா, குறும்பாடா? மைன்கிராஃப்ட் ஆட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

சேலம் மாவட்டத்து மேச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் அம்மா வீடு. போன விடுமுறையில் அங்கே திண்ணையில் உட்கார்ந்து என் மகள் கைப்பேசியில் மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டிருந்தாள். "அம்மாயி, பொழுது போறதுக்குள்ள மூணு ஷீப் புடிக்கணும். இல்லைன்னா ராத்திரி படுக்க முடியாது" என்றாள். அம்மா எட்டிப் பார்த்தார். திரையில் சதுரம் சதுரமாக ஒரு வெள்ளை உருவம்.

"இதென்ன கண்ணு, மேலெல்லாம் பஞ்சு ஒட்டுன மாதிரி?"

"செம்மறி, அம்மாயி. கம்பளி தரும்."

வாசலில் முளைக்குச்சியில் கட்டியிருந்த எங்கள் ஆட்டை அம்மா காட்டினார். "அதுவுந்தான் செம்மறி. அதுல ஏது கம்பளி?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஷீப் என்றால் செம்மறி என்று அகராதியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அம்மாவுக்குப் பதில் சொல்ல அது போதாது.

முதலில் ஆட்டத்தில் இந்த விலங்கு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மைன்கிராஃப்டில் யாரும் கதையோ இலக்கோ விதிப்பதில்லை. தோண்டலாம், கட்டலாம், வளர்க்கலாம், அவரவர் விருப்பம். அதில் செம்மறி 2009-லேயே வந்துவிட்டது. அந்த உலகில் மண், புல், கம்பளி எல்லாமே சதுரக் கட்டைகள்தான். மூன்று கட்டை கம்பளியும் மூன்று பலகையும் சேர்ந்தால் ஒரு படுக்கை. படுத்தால் இரவு கழியும். அதனால்தான் முதல் நாளே செம்மறியைத் தேடி ஓடுகிறார்கள். இரண்டு இரும்புப் பாளத்தில் ஒரு கத்தரி செய்து ஆட்டின் மேல் வைத்தால் ஒன்றிலிருந்து மூன்று கட்டை வரை கம்பளி விழும். 2011-க்கு முன்னால் கத்தரியே கிடையாது, ஆட்டை அடித்தால்தான் கம்பளி உதிரும். கத்தரித்ததும் ஆடு வெறும் உடம்போடு நிற்கும். அப்புறம் தலையைக் குனிந்து காலடிப் புல்லை மேயும். பச்சைக் கட்டை மண் கட்டையாக மாறும், அதே நொடியில் கம்பளி மறுபடி முளைத்திருக்கும். மேய்ந்த புல்தான் மயிராகிறது என்பதை இவ்வளவு சின்ன அசைவில் காட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, இதை வெறுமனே 'ஆடு' என்று எழுதினால் என்ன? எழுதக்கூடாது என்பேன். 2021-இல் வந்த பதிப்பில் மலை உச்சிகளில் திரியும் வெள்ளாடும் சேர்ந்துவிட்டது. அது முட்டித் தள்ளும், பால் கறக்கும், கம்பளி தராது. ஆடு என்ற சொல் இரண்டுக்கும் பொது. பழைய வடிவம் 'யாடு'. பிரித்துச் சொல்லத் தமிழில் அன்றைக்கே சொற்கள் இருந்தன. சங்க நூலான மலைபடுகடாத்தில் "தகர்விரவு துருவை வெள்ளையொடு விரைஇ" என்று ஓர் அடி வருகிறது. தகர் என்பது கிடா, துருவை செம்மறி, வெள்ளை வெள்ளாடு. மந்தையில் எல்லாம் கலந்து நிற்பதைச் சொல்லும் இடத்திலும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுத்திருக்கிறார் அந்தப் புலவர். செம்மறிக்குக் 'கொறி' என்றும் ஒரு பெயர் உண்டு. அது தமிழில் மறைந்துவிட்டது. ஆனால் சேலத்தில் கன்னடம் பேசும் வீட்டில் 'குறி' என்றும் தெலுங்கு பேசும் வீட்டில் 'கொர்ரெ' என்றும் அதன் உறவுகள் இன்றும் புழங்குகின்றன.

செம்மறி என்ற சொல்லைப் பிரித்தால் செம்மை, மறி. செம்மை என்றால் சிவப்பு. மறி என்பது குட்டி. ஆடு, குதிரை, மான் ஆகியவற்றின் குட்டிக்கு மறி என்று பெயர் என்பதைத் தொல்காப்பியம் மரபியலே சொல்கிறது. அதாவது சிவப்புக் குட்டி. குட்டியின் பெயர் பிறகு இனத்துக்கே ஆகிவிட்டது. மேச்சேரி ஆட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம், அதன் நிறமே செம்மண்ணும் இளம்பழுப்பும் கலந்ததுதான். ஆட்டத்திலோ நாம் அதிகம் பார்ப்பது வெள்ளைதான். இளஞ்சிவப்பு மிக அபூர்வம். அதற்காகச் செம்மறி என்ற பெயர் பொருந்தாமல் போகாது. சேலம் கருப்பு என்று பெயர் பெற்ற நம்மூர் ஆடு தலை முதல் வால் வரை கறுப்பு, ஆனாலும் அது வெள்ளாடுதான். இந்தப் பெயர்களில் நிறம் கரைந்து, இனம் மட்டும் நிற்கிறது.

இனி அம்மாவின் கேள்வி. மேச்சேரி ஆட்டின் முதுகில் கையை வைத்துத் தடவினால் கன்றுக்குட்டியைத் தடவுவது போலிருக்கும். குட்டையான மயிர், தோலோடு படிந்து கிடக்கும். விரலை நுழைக்க இடமில்லை, கத்தரிக்கவும் ஒன்றுமில்லை. கறிக்கும் தோலுக்கும் வளர்க்கிற ஆடு இது. தோல் பதனிடுபவர்களிடம் இதன் தோலுக்குத் தனி மதிப்பு. பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆக, செம்மறி என்றாலே கம்பளி என்று பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து நாம் நினைத்துக்கொள்வது நம் வாசலில் பொய்யாகிவிடுகிறது. வெயில் காயும் சமவெளியை மயிர் குறைந்த ஆடு எளிதாகத் தாங்கும்.

கம்பளி தரும் செம்மறிக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது: குறும்பாடு. குறும்பர் என்ற மேய்ச்சல் மக்களோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். கொங்குப் பக்கம் குறும்பை என்பார்கள், கோயம்புத்தூர்ச் செம்மறி இனத்துக்கு இன்றும் அந்தப் பெயர் உண்டு. அதன் மயிர் முரடு. ஸ்வெட்டர் பின்ன உதவாது, விரிப்புக்கும் போர்வைக்கும் ஆகும். மழை வந்தால் ஆடு மேய்ப்பவர் அந்தப் போர்வையை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார், அதற்குக் கொங்காடை என்று பெயர். மைன்கிராஃப்ட் ஆட்டை நம் மண்ணின் கண்ணால் பார்த்தால் அது குறும்பாடுதான். பொதுவாக எழுதும்போது செம்மறி போதும், கம்பளி தருவது என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் குறும்பாடு என்று எழுதுங்கள். செத்துக்கொண்டிருக்கும் ஒரு நல்ல சொல்லுக்குப் பிள்ளைகள் விளையாடும் ஆட்டத்தில் இடம் கிடைத்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, கம்பளி. வடமொழியில் 'கம்பல' என்றால் ஆட்டுமயிர்ப் போர்வை. அதிலிருந்து வந்தவைதான் நம் கம்பளியும் கம்பளமும். கம்பளி முதலில் போர்வையின் பெயர், அது செய்யப்பட்ட மயிருக்கு அப்புறம்தான் ஆனது. டிசம்பரில் ஏற்காட்டுக்குக் கிளம்பும்போது "கம்பளி எடுத்துக்கிட்டியா?" என்று வீட்டில் கேட்டால் போர்வையைத்தான் கேட்கிறார்கள். மலைமேல் காபித் தோட்டத்தில் மயிர் சிலிர்த்து ஊரும் கம்பளிப்பூச்சியின் பெயரும் இப்படி வந்ததுதான். கடையில் பின்னல் நூல் கேட்டால் 'உல்லன் நூல்' என்று தருவார்கள். ஆட்டத்தில் இரண்டு கம்பளிக் கட்டையில் மூன்று விரிப்பு கிடைக்கிறது. அதைக் கம்பளம் என்று சொல்லிவிட்டால் செய்பொருளும் மூலப்பொருளும் ஒரே வேரில் நிற்கும்.

தனித்தமிழில்தான் வேண்டும் என்றால் 'ஆட்டுமயிர்'. சிலப்பதிகாரம் மதுரையின் துணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது "நூலினும் மயிரினும் நுழைநூற் பட்டினும்" என்கிறது. பருத்தி நூலுக்கும் பட்டுக்கும் நடுவில் மயிர் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. இன்று அது வசைச்சொல்லாகத் தேய்ந்துபோனதால் எழுதத் தயங்குகிறோம். தமிழ் விவிலியத்தில் ஏசாயா முதல் அதிகாரத்தில் கம்பளி வர வேண்டிய இடத்தில் "பஞ்சைப்போலாகும்" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். பருத்தி விளையும் நாட்டில் வெண்மைக்கும் மென்மைக்கும் பஞ்சுதான் கைக்கு எட்டிய உவமை. திரையைப் பார்த்ததும் அம்மா வாயில் வந்ததும் அதே பஞ்சு. ஆனாலும் ஆட்டத்துக்கு நான் கம்பளி என்றே வைப்பேன். எங்கிருந்து வந்திருந்தாலும் அது நம் போர்வையாகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

கத்தரிக்கு மட்டும் ஒரு பழஞ்சொல்லைச் சொல்லாமல் விட மனமில்லை. பொருநராற்றுப்படை, பாடினியின் காதுக்கு உவமையாக "மயிர்குறை கருவி மாண்கடை" என்கிறது. மயிரைக் குறைக்கும் கருவியின் அழகான கைப்பிடி வளையம் போன்ற காது. மைன்கிராஃப்ட் கத்தரியின் வேலையை மூன்று சொல்லில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? புழக்கத்துக்குக் கத்தரியும் 'மயிர் கத்தரித்தல்' என்ற வினையும் போதும்.

சாயம் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தில் 16 சாயங்கள். நாம் நூலுக்குச் சாயம் ஏற்றுவோம், அங்கே ஆட்டுக்கே ஏற்றலாம். நீலம் ஏற்றிய ஆட்டுக்குக் கத்தரித்த பின்னும் நீலமாகவே முளைக்கும்.

இதையெல்லாம் அன்று மாலையே மகளுக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் அதற்குள் ஏழெட்டுக் குறும்பாடுகளைக் கோதுமை காட்டி இழுத்து வந்து மரவேலிக்குள் அடைத்திருந்தாள்.

"பட்டி நல்லாத்தான் போட்டிருக்கற" என்றார் அம்மா. "ராத்திரி நரி கிரி வருமா?"

"ஓநாய் வரும், அம்மாயி."

"அப்பப் படலைச் சாத்து கண்ணு, முதல்ல."