சில நாட்கள் மட்டும் திறந்திருக்கும் கதவு

ஒரு சட்டமூலம், அதாவது இன்னும் நிறைவேறாத சட்ட வரைவு, அரசியலமைப்புக்கு முரணானது என்று நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தில் மனுப்போட இலங்கைக் குடிமக்களுக்கு இருப்பது சில நாட்களே. பாராளுமன்றத்தின் அலுவல் பட்டியலான ஒழுங்குப் பத்திரத்தில் அது இடம்பெறும் நாளிலிருந்து கணக்கு ஓடும். மனுவின் பிரதியை அதே வேளையில் சபாநாயகரிடமும் சேர்ப்பிக்க வேண்டும். இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாதென்று அறிவிக்கலாம். இங்கே சபாநாயகர் சான்றுரைத்து ஒப்பமிட்டபின் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது.

ஆகவே வர்த்தமானியில் வெளிவந்த உடனேயே வாசித்துவிட வேண்டும். அதற்குள் சட்டமூலம் அமைச்சரவை, சட்டவரைஞர், சட்டமா அதிபர் எல்லோர் கையையும் தாண்டி வந்திருக்கும். மனுப்போட்டால் 3 வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் தன் தீர்மானத்தைச் சொல்லியாக வேண்டும். அதுவரை பாராளுமன்றத்தில் அது நகராது. சாதாரண பெரும்பான்மை போதும், 225 பேரில் 150 பேர் வேண்டும், அதற்கு மேல் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று பதில் பலவிதமாக வரலாம். பெரும்பாலும் ‘இந்த வாசகத்தை இப்படித் திருத்தினால் சாதாரண பெரும்பான்மை போதும்’ என்றே வரும். அந்தத் திருத்தத்தைச் செய்யும் இடம், சட்டமூலத்தைப் பாராளுமன்றம் வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலை.

இங்கேதான் பிழைக்கிறது. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தில் 31 வாசகங்களைத் திருத்தாவிட்டால் விசேட பெரும்பான்மை, அதாவது அந்த 150 பேர், தேவை என்றது உயர் நீதிமன்றம். 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. எல்லாத் திருத்தமும் சேரவில்லை என்று எதிர்க்கட்சிகள் முறையிட்டன. பெப்ரவரி 1 அன்று சபாநாயகர் ஒப்பமிட்டார். பின்னர் உயர் நீதிமன்றம் போன மனுவும் தள்ளுபடியானது. நீதிமன்றம் கேட்ட திருத்தங்கள் வந்தனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒப்பத்துக்கு முன் கட்டாயமான ஒரு படி இல்லை. இது பாரதூரமான ஓட்டை.

ஒப்பத்துக்குப் பிறகு நீதிபதிக்கு மிஞ்சுவது சொற்கள். ‘மோட்டார் கார், முச்சக்கரவண்டி, லொறி மற்றும் வேறு வாகனங்கள் இத்தெருவில் நிற்கலாகாது’ என்று ஒரு விதி இருப்பதாக வைப்போம். கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் சுமை தூக்கும் நாட்டாமிமார் தள்ளும் கைவண்டி இதில் அடங்குமா? பட்டியலில் உள்ளவை யாவும் இயந்திரத்தால் ஓடுபவை. ‘வேறு வாகனங்கள்’ என்பதையும் அந்த இனமாகவே நீதிபதி வாசிக்கக்கூடும். கைவண்டி தப்பும். ஆனால் சட்டத்தின் கடைசியில் உள்ள பொருள்கோடல் பிரிவு ‘வாகனம்’ என்பதற்கு வேறு வரைவிலக்கணம் தந்தால் அதுவே நிற்கும். எனவே எந்தச் சட்டத்தையும் பின்னாலிருந்து வாசிப்பது நல்லது. அங்கு சொல் இல்லையென்றால் 1901ஆம் ஆண்டின் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். ஒருமை பன்மையையும் அடக்கும் என்பது போன்ற பொது விதிகள் அதில் உண்டு.

அதே கடைசிப் பக்கத்தில் இன்னொரு பிரிவும் வழமையாக இருக்கும்: சிங்கள, தமிழ் உரைகள் முரண்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும். தமிழில் ‘வழங்கலாம்’ என்றும் சிங்களத்தில் ‘வேண்டும்’ என்று பொருள்படும் ‘யுதுய’ என்றும் இருந்தால், வழங்குவது கட்டாயம். தமிழை மட்டும் நம்பி நடந்தவருக்குக் கைகொடுக்க அங்கே எதுவும் இல்லை. சட்டமூலமாக இருக்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘லாம்’, ‘வேண்டும்’, ‘அல்லது’, ‘உம்’ ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்டால் குழுநிலைக்கு முன் உங்கள் மாவட்ட உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்தச் சொல்லைத் திருத்தும்படி அவர் அங்கே பிரேரிக்கலாம்.